ரெண்டர் போடுவதற்கு முன் ஒரு காலை கருமபீடத்தில் இருந்து பாருங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி மன்றங்களிலும் மாகாணத் திணைக்களங்களிலும் மென்பொருளுக்கு விலைமனுக் கோருகின்ற செயலாளர்கள், கணக்காளர்கள், பெறுகைக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

திருநெல்வேலியில் ஒரு சிறிய மென்பொருள் குழுவை நடத்துகிறேன். பதின்மூன்று வருடமாக இதுதான் தொழில். வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் செய்திருக்கிறோம், இங்குள்ள அலுவலகங்களுக்கும் செய்திருக்கிறோம். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு சபைகள் மறுபடி கூடத் தொடங்கியதிலிருந்து எங்கள் மேசைக்கு வருகிற ரெண்டர்கள் கூடியிருக்கின்றன. அது நல்ல விஷயம். ஆனால் சென்ற மாதம் வந்த ஒன்றை வாசிக்க எடுத்தேன். தேவைகள் பகுதி மட்டும் 140 பக்கம். எந்தத் திரையில் எந்தப் பொத்தான் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதுவரை எழுதியிருந்தது. அந்தத் திரைக்கு முன் யார் இருக்கப்போகிறார், அவரிடம் வந்து நிற்பவர் கையில் என்ன கொண்டு வருவார் என்று ஓர் இடத்திலும் இல்லை. கொடுப்பனவு இரண்டே தவணை: தொடங்கும்போது 20 வீதம், முழுவதையும் ஒப்படைத்த பிறகு மிச்சம்.

இதே மாதிரியான ஓர் ஒப்பந்தத்தில் நாங்களும் ஒருமுறை கையெழுத்து வைத்தோம். அதில் நடந்ததைச் சொன்னால்தான் நான் கேட்கப்போவது உங்களுக்கு விளங்கும்.

ஒரு பிரதேச சபைக்குச் சோலைவரி, அதாவது வீடு வளவுக்கான வருடாந்த வரி, அறவிடும் மென்பொருள். எந்தச் சபை என்று சொல்லத் தேவையில்லை. பிழையில் எங்களுக்கும் சமபங்கு உண்டு. தேவைகளை எழுதி முடிக்க ஐந்து மாதம் எடுத்தது. கூட்டங்கள் எல்லாம் சபையின் மாநாட்டு மண்டபத்தில் நடந்தன. செயலாளர் வந்தார், கணக்காளர் வந்தார், மாகாணத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். எல்லோரும் அக்கறையோடுதான் இருந்தார்கள். பக்கம் பக்கமாகப் படித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தோம். பிறகு நாங்கள் எங்கள் அலுவலகத்துக்குத் திரும்பி எட்டு மாதம் நிரல் எழுதினோம். இடையில் அனுப்பிய முன்னேற்ற அறிக்கை ஒன்றில் 80 வீதம் பூர்த்தி என்று எழுதினோம். பொய் இல்லை. பட்டியலில் இருந்ததில் 80 வீதம் முடிந்துதான் இருந்தது. ஆனால் அந்த நாள்வரை சபையில் வேலை செய்கிற ஒருவர்கூட ஒரு பொத்தானையாவது அழுத்திப் பார்த்திருக்கவில்லை.

ஒப்படைக்கும் திகதி ஜனவரியில் விழுந்தது. முழு வருட வரியையும் ஜனவரி 31 இற்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு, காலாண்டுக் காசை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜனவரியில் கருமபீடத்து வரிசை எங்கே போய் முடியும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த மாதத்தில்தான் நாங்கள் புது மென்பொருளை முதன்முதலாகப் போட்டோம். ஒப்பந்தத்தில் அந்தத் திகதி இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கருமபீடத்தில் இருந்தவர் 22 வருடம் அந்தக் கதிரையில் இருந்த ஓர் அக்கா. முதலில் வந்தவர் சொன்னார்: "அப்பாவின்ர பேரில இருக்கு." வரி இலக்கம் கேட்டால் தெரியாது. பழைய பற்றுச்சீட்டு கொழும்பில் இருக்கிற தமையனிடம். எங்கள் திரையோ இலக்கத்தைக் கேட்டது. இல்லாவிட்டால் முழுப்பெயரைக் கேட்டது. ஒரே மனிதரின் பெயர் ஒரு வருடப் பதிவேட்டில் முதலெழுத்தோடு இருக்கும், இன்னொரு வருடத்தில் தகப்பன் பெயர் முழுவதும் சேர்ந்திருக்கும், சிலவேளை பெயருக்குப் பின்னால் "பெண்சாதி" என்று மட்டும் இருக்கும். அதெல்லாம் நாங்கள் கையெழுத்து வைத்த தேவை ஆவணத்தில் இல்லை. தேடினால், "பதிவு இல்லை" என்று வந்தது.

அக்கா மேசை லாச்சியை இழுத்து ஒரு சீ.ஆர். கொப்பியை வெளியே எடுத்தார். மட்டை கிழிந்து, சீலை ஒட்டிய கொப்பி. உள்ளே பென்சிலால், ஒழுங்கை ஒழுங்கையாக எழுதியிருந்தது. கோயிலடி ஒழுங்கை, இடப்பக்கம், மூன்றாவது படலை; காணி மாமனார் பேரில், கட்ட வாறது மருமகன். சங்கக்கடைப் பின்வளவு; ஆக்கள் கனடாவில், பக்கத்து வீட்டு ஆசிரியை கட்டுவா. வந்தவர் எந்த ஒழுங்கை என்று கேட்டார், விரலை ஓட்டினார், பத்து விநாடியில் இலக்கம் கிடைத்தது. அதை எங்கள் திரையில் அடித்தார். அடுத்தவருக்கும் அப்படித்தான். மத்தியானத்துக்குள் வரிசை வாசல் தாண்டியது. அக்கா கொம்பியூட்டரை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பற்றுச்சீட்டைக் கையால் எழுதத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் நான் போய் அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "தம்பி, இதை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை" என்றார்.

ஐந்து மாதக் கூட்டங்களில் ஒன்றுக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை. சபை கூப்பிடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கொப்பியைப் பார்த்து, ஒழுங்கையையும் கட்டுகிறவரையும் வைத்துத் தேடும் திரை ஒன்றை எங்கள் ஆட்கள் ஒன்பது நாளில் எழுதி முடித்தார்கள். அதைக் கருமபீடத்தில் போட நான்கு மாதம் ஆனது. ஏனென்றால் ஒப்பந்தப்படி அது "மாற்றக் கோரிக்கை". குழு கூட வேண்டும். ஆவணத்தில் கையெழுத்து வைத்த செயலாளர் இடமாற்றத்தில் போய்விட்டார். புதிதாக வந்தவர், தான் கையெழுத்து வைக்காத ஒன்றை மாற்றப் பயந்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் பயந்திருப்பேன். நான்கு மாதமும் அக்கா இரண்டு வேலை செய்தார்: கையால் எழுதுவது, பின்னேரம் இருந்து அதையே கொம்பியூட்டரில் ஏற்றுவது.

எல்லாவற்றையும் முதலில் எழுதி, பிறகு வடிவமைத்து, பிறகு நிரல் எழுதி, கடைசியில் பரிசோதித்து ஒப்படைக்கும் இந்த வழிக்கு வோட்டர்ஃபோல் என்று பெயர். அருவி மாதிரி மேலிருந்து கீழே விழும், திரும்பி ஏறாது. இதற்கு மூலமாக எல்லோரும் காட்டுவது 1970 இல் வின்ஸ்டன் ரோய்ஸ் எழுதிய கட்டுரையை. விண்கலப் பயணங்களுக்கான மென்பொருளில் வேலை செய்த மனிதர் அவர். படிக்கட்டு மாதிரியான அந்தப் படம் அவருடைய கட்டுரையில் இருக்கிறதுதான். ஆனால் அதை அப்படியே நடைமுறைப்படுத்துவது ஆபத்து, தோல்வியைக் கூப்பிடுவது மாதிரி என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். காரணமும் சொல்கிறார்: பரிசோதனை கடைசியில் வருகிறது, நாங்கள் காகிதத்தில் நினைத்தது உண்மையில் நடக்குமா என்பது அங்கேதான் முதன்முதலாகத் தெரியவருகிறது, அங்கே பிழைத்தால் ஆரம்பத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். புதிதாக ஒன்றைச் செய்வதானால் இரண்டு தரம் செய்யுங்கள், வாடிக்கையாளரை இடையிடையே உள்ளே கொண்டுவாருங்கள் என்பதும் அவர் சொன்ன யோசனைகள். வோட்டர்ஃபோல் என்ற சொல்லே அந்தக் கட்டுரையில் கிடையாது. படம் மட்டும் உலகமெல்லாம் போனது, எச்சரிக்கை போகவில்லை.

போனதற்குக் காரணமும் விளங்காததில்லை. அந்தப் படம் ரெண்டருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. தேவைகளை எழுதினால் விலை கேட்கலாம். விலை கேட்டால் ஒப்பிடலாம். ஒப்பிட்டால் கணக்காய்வுக்குப் பதில் சொல்லலாம். தெருப் போடும்போது இது சரியாக வேலை செய்கிறது. எத்தனை மீற்றர், எவ்வளவு சல்லிக்கல், எத்தனை பீப்பா தார் என்று முதலே எழுதலாம். தெரு நடுவழியில் மனதை மாற்றிக்கொள்ளாது.

மென்பொருள் என்று வரும்போது "வீடு கட்டுகிறவன் பிளான் போட்டுத்தானே அத்திவாரம் வெட்டுகிறான்" என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்பது, அந்த வீட்டுக்குக் கிணறு வெட்டுவதற்கு என்ன பிளான் போட்டீர்கள் என்பதுதான். எங்கள் ஊரில் எத்தனை அடியில் கல் வரும், எந்தப் பக்கம் ஊற்று வரும் என்று வெட்டுகிறவருக்கே வெட்டும்போதுதான் தெரியும். அதனால்தான் அடிக் கணக்கில் கூலி பேசுகிறோம். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறார். ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்க்கிறார். தண்ணீர் கண்டால் வாயில் வைத்துப் பார்க்கிறார். நல்ல தண்ணீர் போதிய அளவு வந்ததும் நிறுத்தச் சொல்கிறார், ஏனென்றால் யாழ்ப்பாணத்து நிலத்தில் நன்னீர் உவர்நீருக்கு மேல் மிதக்கிறது; ஆசைப்பட்டு இன்னும் ஆழம் போனால் உவர் ஏறிவிடும். 60 அடி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக, 25 அடியில் நல்ல தண்ணீர் கண்ட பிறகும் ஒருவரும் 60 அடி வெட்டுவதில்லை.

இதைத்தான் மென்பொருளில் அஜைல் என்கிறோம். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் 17 பேர் கூடி ஒரு சிறிய பிரகடனம் எழுதினார்கள். வேலை முறைகளையும் கருவிகளையும் விட ஆட்களும் அவர்கள் கதைத்துக்கொள்வதும் பெரிது. கட்டுக்கட்டான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருள் பெரிது. ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது பெரிது. திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஏற்றபடி நடப்பது பெரிது. இவ்வளவுதான் அதன் சாரம். ஆவணம் வேண்டாம், ஒப்பந்தம் வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. அவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று கடைசியில் சொல்லியே இருக்கிறார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அஜைல் என்றால் கணக்கு வழக்கு இல்லாத வேலை என்று ஒரு கணக்காளர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அவரை அப்படி நினைக்க வைத்தது என் தொழில்காரர்கள்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நடைமுறையில் எப்படி இருக்கும்? பெரிய வேலையைச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு மாதத்துக்கு மேற்படாத தவணையில் முடிப்பது. இதைக் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் 1995 இல் ஸ்க்ரம் என்ற பெயரில் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். தவணைக்கு ஸ்பிரின்ட் என்று பெயர். நாங்கள் இரண்டு கிழமை வைத்துக்கொள்கிறோம். இரண்டாவது வெள்ளிக்கிழமை அந்தத் துண்டைக் கருமபீடத்தில் இருப்பவர் தன் கையால் ஓட்டிப் பார்க்கிறார். படத்தில் காட்டுவது அல்ல, அவரே ஓட்டுவது. சரி என்றால் அது முடிந்தது. சரியில்லை என்றால் போனது இரண்டு கிழமை, பதின்மூன்று மாதம் அல்ல. அடுத்த துண்டாக எதை எடுப்பது என்பதையும் உங்கள் ஆள்தான் தீர்மானிக்கிறார். சீ.ஆர். கொப்பி இருந்த அந்தச் சபையில் இப்படிச் செய்திருந்தால், முதல் ஸ்பிரின்டின் முடிவிலேயே லாச்சி திறந்திருக்கும்.

இது தனியார் கொம்பனிகளுக்குச் சரி, அரசாங்கத்துக்கு ஒத்துவராது என்று சொல்வீர்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கதையைச் சொல்கிறேன், அதைவிட இறுக்கமான அரசாங்க அலுவலகம் குறைவு. வழக்குக் கோப்புகளைக் கடதாசியிலிருந்து கொம்பியூட்டருக்கு மாற்றுவதற்கு அவர்கள் தொடங்கிய முதல் திட்டத்துக்கு 800 பக்கத்துக்கு மேற்பட்ட தேவை ஆவணம் இருந்தது. ஏறக்குறைய 17 கோடி டொலர் போனபின், 2005 இல் அதைக் கைவிட்டார்கள். 2006 இல் சென்டினல் என்ற பெயரில் மறுபடி தொடங்கி, நான்கு பெரிய கட்டங்களாகப் பிரித்து, ஒரு பெரிய ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 2010 ஆகும்போது ஒதுக்கிய 45 கோடி டொலர் சொச்சத்தில் 40 கோடிக்கு மேல் செலவாகியிருந்தது. நான்கு கட்டங்களில் இரண்டுதான் முடிந்திருந்தது. அந்த நிலையில்தான் வேலையைத் தங்கள் கைக்கு எடுத்து, ஒரு சிறிய குழுவை ஒன்றாக இருத்தி, இரண்டு கிழமை ஸ்பிரின்டுகளில் செய்தார்கள். 2012 ஜூலையில் அது பாவனைக்கு வந்தது. முதலில் சொன்ன தவணையைத் தாண்டித்தான் முடிந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் முடிந்தது, ஒதுக்கீட்டுக்குள் முடிந்தது. அவர்களுக்கும் கணக்காய்வு இருந்தது. அந்த நாட்டு நீதித் திணைக்களத்தின் கண்காணிப்பாளர் அலுவலகம் வேலை நடக்க நடக்க அறிக்கை எழுதிக்கொண்டே இருந்தது.

இவ்வளவு சொன்னதால் பழைய முறையைக் குப்பையில் போடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சோலைவரி மென்பொருளிலேயே, முதலில் இருந்து கடைசிவரை எழுதி, கையெழுத்து வைத்து, ஒரு எழுத்தும் மாறாமல் செய்ய வேண்டிய பகுதிகள் இருக்கின்றன. கழிவுக் கணக்கு அப்படி. 10 வீதம் எப்போது, 5 வீதம் எப்போது, நிலுவை இருந்தால் என்ன, ஜனவரி 31 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் என்ன. இதையெல்லாம் கருமபீடத்தில் இருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சட்டத்திலும் சுற்றறிக்கையிலும் இருக்கிறது. உங்கள் கணக்காளர் ஒரு கிழமை எங்களோடு இருந்து, ஐம்பது உதாரணக் கணக்குகளைக் கையால் போட்டு விடையோடு தந்தால், அதுதான் தங்கமான தேவை ஆவணம். மென்பொருள் அந்த ஐம்பதுக்கும் அதே விடை தர வேண்டும், ஒரு சதம் பிசகக் கூடாது. பற்றுச்சீட்டை யார் இரத்துச் செய்யலாம், இரத்துச் செய்தால் எங்கே பதிவாக வேண்டும் என்பதும் அப்படித்தான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மனம் மாற்றுகிற விஷயம் அல்ல. அமெரிக்க விண்ணோடத்தை ஓட்டிய மென்பொருளை எழுதியவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் தாளில் எழுதி, வாதாடி, ஒப்புதல் வாங்கிய பிறகே நிரலில் கை வைத்தார்கள். அந்த வேலைக்கு அது சரி. மேலே போன பிறகு திருத்த முடியாத வேலை அது.

பழைய தரவை மாற்றுவதும் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய வேலை. எங்கள் அலுவலகங்களில் பத்துப் பதினைந்து வருடத்துக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினி இருக்கிற கொம்பியூட்டரில் திறந்தால் அழகான தமிழ். இல்லாத ஒன்றில் திறந்தால் ஆங்கில எழுத்தும், புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியும். தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பது உண்மையில் தமிழ் அல்ல. எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும்போது தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு வரி வந்தால், ஆங்கிலத்தில் இருந்த தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்தும் தமிழாகிவிடும். நாங்கள் ஒருமுறை அப்படிப் பட்டோம். எத்தனை கோப்பு, எந்தெந்த எழுத்துரு, மாற்றிய பிறகு யார் ஒப்பிட்டுப் பார்ப்பது, பழையதை எத்தனை நாள் வைத்திருப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்காமல் இதில் இறங்கக் கூடாது.

ஆக, நான் வேறுபடுத்துவது இதைத்தான். மேசையில் இருந்து அறியக்கூடியதை மேசையில் இருந்து எழுதுங்கள், இறுக்கிக் கட்டுங்கள். கருமபீடத்தில்தான் தெரியவரும் என்பதை முன்கூட்டியே கட்டாதீர்கள். இப்போது வருகிற ரெண்டர்களில் இது தலைகீழாக இருக்கிறது. பொத்தானின் நிறத்துக்கு அரைப் பக்கம், கழிவுக் கணக்குக்கு "தற்போதைய விதிமுறைகளின்படி" என்று ஒற்றை வரி.

இனி என் தொழில்காரருக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இந்த மடல் அவர்கள் கண்ணிலும் படும். அஜைல் என்று சொல்லிக்கொண்டு ஒன்றையும் எழுதாமல் விடுகிறோம். ஒவ்வொரு காலையும் பதினைந்து நிமிடம் நின்றபடி கதைத்தால் அஜைல் ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். தவணை பிந்தும்போது "தேவை மாறிவிட்டது" என்கிறோம், தேவை மாறாதபோதும். யாழ்ப்பாணத்தில் இது இரண்டு மடங்கு ஆபத்து. ஒரு மென்பொருளின் முழுக் கதையும் தெரிந்த பிள்ளை ஒரு நாள் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடும். போகத்தான் செய்வார்கள், போக வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தத் தரவுத்தளம் ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பதும் அவர்களோடு விமானம் ஏறுகிறது. பிறகு வருகிறவர் தொடப் பயந்து, எல்லாவற்றையும் புதிதாக எழுதலாம் என்கிறார். அதற்கு இன்னொரு ரெண்டர். பொதுமக்களின் காசு. ஒவ்வொரு ஸ்பிரின்டின் முடிவிலும், என்ன செய்தோம், எதை ஏன் விட்டோம் என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதி அலுவலகத்தில் ஒப்படைக்காத குழுவுக்கு அந்தத் தவணைக் காசைக் கொடுக்க வேண்டாம் என்று அலுவலர்களை நானே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

காசையும் காலத்தையும் முதலே இறுக்கிக் கட்டுங்கள். அதில் உங்களுக்குச் சங்கடம் இல்லை, எங்களுக்கும் இல்லை. இந்த வேலைக்கு இவ்வளவு தொகை, பத்து மாதம் என்று எழுதுங்கள். ஆனால் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். இது இல்லாமல் கருமபீடம் திறக்க முடியாது என்பவை ஒரு பக்கம். இருந்தால் நல்லது என்பவை மறுபக்கம். முதல் பக்கத்தை விலைமனு ஆவணத்திலேயே தெளிவாக எழுதுங்கள். இரண்டாவதிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது, எதற்குப் பதில் எதை மாற்றுவது என்பதை வேலை நடக்கும்போது உங்கள் ஆள் தீர்மானிக்க இடம் கொடுங்கள். ஒன்றை உள்ளே போட்டால் அதே அளவான ஒன்று வெளியே போகும் என்ற நிபந்தனையையும் எழுதுங்கள். அப்போது மொத்தத் தொகை கூடாது, குழுவும் மறுபடி மறுபடி கூட வேண்டியதில்லை.

கொடுப்பனவை ஓடுகிற துண்டுகளோடு இணையுங்கள். கணக்காய்வுக்கு என்ன காட்டுவது என்ற உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. கையெழுத்து வைத்தவருக்கு ஓய்வூதியம்வரை தொடரும் பயம் அது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: 80 வீதம் பூர்த்தி என்ற எங்கள் அறிக்கையைக் கணக்காய்வாளர் எப்படிச் சரிபார்த்திருப்பார்? முடிந்திருக்காது. ஒவ்வொரு இரண்டு கிழமைக்கும், எந்தத் துண்டை யார் ஓட்டிப் பார்த்தார், எது சரி, எது சரியில்லை என்று கருமபீட அலுவலரின் கையெழுத்தோடு ஒரு தாள் இருந்தால், அதை எவரும் சரிபார்க்கலாம். வேண்டுமானால் அவரே வந்து ஓட்டிப் பார்க்கலாம்.

அந்தக் கருமபீட அலுவலரைக் கிழமைக்கு ஒரு நாள் எங்களுக்குத் தாருங்கள். இதுதான் உங்களுக்குக் கடினமானது என்று எனக்குத் தெரியும். ஆளணி இல்லை, ஒன்றரை ஆள் செய்கிற வேலையை ஒருவர் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனாலும் இதை விட்டால் மற்ற எல்லாம் வீண். அவருக்குப் பதில் ஆள் போடும் செலவையும் திட்டச் செலவில் சேர்த்துக் கேளுங்கள். தீர்மானிக்கும் அதிகாரத்தையும் எழுத்தில் கொடுங்கள். செயலாளர் இடமாற்றத்தில் போனாலும் அந்த அதிகாரம் கதிரையோடு இருக்க வேண்டும்.

முதலில் ஒரு வட்டாரத்தில் போடுங்கள். எல்லா வட்டாரத்திலும் ஒரே நாளில் வேண்டாம். ஜனவரியில் வேண்டவே வேண்டாம். மே, ஜூன் நல்லது.

நிரலின் மூலப் பிரதியும் தரவும் சபைக்குச் சொந்தம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு தவணையிலும் அதன் பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும், முடிவில் அல்ல. நாங்கள் நடுவழியில் சரியில்லாமல் போனால் இன்னொரு குழு எடுத்துச் செய்யலாம். எங்களைப் போன்ற குழுக்களுக்கு இது கசக்கும். அப்படியிருந்தும் கேட்கிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையிலிருந்தும் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள பொறியியற் பீடத்திலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு வோட்டர்ஃபோலும் தெரியும், ஸ்க்ரமும் தெரியும். படத்தைக் கரும்பலகையில் பிழையில்லாமல் வரைவார்கள். ஒரு பிரதேச சபையின் கருமபீடத்துக்குப் பின்னால் அரைநாள் இருந்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் அலுவலகத்தில் ஒரு மூலையில் கதிரை போட்டு ஒரு மாதம் இருக்க விடுவீர்களானால், சம்பளம் நாங்கள் கொடுக்கிறோம். இது வெறும் வார்த்தை அல்ல. எங்கள் குழுவில் இப்போது இரண்டு பேர் அதற்கு ஆயத்தமாக இருக்கிறார்கள்.

அந்த அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போகும்போது சீ.ஆர். கொப்பியைத் தனக்குப் பின் வந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டேன். மென்பொருளில் அந்தத் தேடும் திரை வந்த பிறகும் அந்தப் பிள்ளை கொப்பியில் புதிது புதிதாக எழுதுகிறாளாம்: யார் வெளிநாடு போனார், யார் காணியை இரண்டாகப் பிரித்தார், எந்தப் படலை மாறியது. அதில் எதற்கெல்லாம் எங்கள் திரையில் இடம் இல்லை என்று போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த புதன்கிழமை போகிறேன்.

உங்கள் அடுத்த மென்பொருள் ரெண்டருக்கு விலைமனுதாரர்களைக் கூப்பிட்டு விளக்கக் கூட்டம் வைப்பீர்கள் அல்லவா? அந்தக் கூட்டத்துக்குக் கருமபீடத்தில் இருப்பவரையும் கூட்டி வாருங்கள். அவருடைய லாச்சியில் இருப்பதையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் குழுவின் பொறுப்பாளர்
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்